கல்லாகும் கரியமில வாயு: எலெக்ட்ரானிக் சிட்டி அடைக்க வேண்டிய கணக்கு

பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையை ஒட்டி, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் 332 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிட்டி, இந்திய மென்பொருள் தொழிலின் முதன்மையான வளாகங்களுள் ஒன்றாக இன்று வளர்ந்து நிற்கிறது. இங்கே தலைமையகம் கொண்ட இன்ஃபோசிஸ் நிறுவனம் 2020-ஆம் நிதியாண்டில் தான் கார்பன் சமநிலையை எட்டிவிட்டதாக அறிவித்தது. பாரீஸ் ஒப்பந்தம் உலகுக்கு வைத்த 2050 என்னும் இலக்கை முப்பது ஆண்டுகள் முன்னதாகவே தொட்டதாக அந்த அறிவிப்பு கூறியது. ஒரு நிறுவனம் வெளியிடும் கரியமில வாயுவின் அளவும், அதற்கு ஈடாக வேறிடத்தில் தவிர்க்கப்பட்ட அல்லது நீக்கப்பட்ட வாயுவின் அளவும் கணக்கில் சமமாகும் நிலையே கார்பன் சமநிலை எனப்படுகிறது. சூரிய மின்சாரம், மின்சிக்கனக் கட்டடங்கள் ஆகியவற்றின் வழியே வளாகத்துக்குள் குறைத்தது போக எஞ்சியதை, கிராம வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன்களும் புகை குறைந்த அடுப்புகளும் அளிக்கும் திட்டங்களின் வழியே இந்நிறுவனம் ஈடுகட்டியது.

அத்திட்டங்களால் கிராமப் பெண்களின் நுரையீரலுக்குக் கிடைக்கும் நன்மை உண்மையானது; அதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் ஓர் அடுப்பு இனி எழக்கூடிய புகையைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்ட வாயுவைத் திரும்ப எடுப்பதில்லை. வெளியிட்ட வாயு காற்றில் பல நூறு ஆண்டுகள் தங்கும் தன்மையது என்பதால், அதற்கு நேர் செய்யும் வழியும் அதே அளவு நீடிப்பதாக இருத்தல் வேண்டும். நிலவியல் அறிந்தவரையில் அத்தகைய உறுதியான இருப்பிடம் பாறையே. கரியமில வாயுவைப் பாறையாக மாற்றி நிலத்தடியில் நிறுத்தும் நுட்பம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஏன் தொலைதூரச் செய்தி அன்று என்பதும், அதை எந்த நிபந்தனைகளோடு கையாள வேண்டும் என்பதும் இப்போது பொதுவெளியில் பேசப்பட வேண்டியவை.

வாயு எவ்வாறு கல்லாகிறது?

கரியமில வாயு நீரில் கரையும்போது மெல்லிய அமிலம் உண்டாகிறது. அந்த நீர், கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகிய தனிமங்கள் மிகுந்த பாறையைத் தொட்டால், பாறையின் கனிமங்கள் சிறிது சிறிதாகக் கரைந்து அத்தனிமங்கள் நீரில் விடுபடுகின்றன. அவை நீரிலுள்ள கார்பனோடு சேர்ந்து கால்சைட், மாக்னசைட், சிடரைட் முதலிய கார்பனேட் கனிமங்களாகப் பாறையின் துளைகளிலும் விரிசல்களிலும் படிகின்றன. வாயுவாக இருந்தது திடப்பொருளாகிவிடுவதால், அதைத் திரும்ப வெளியேற்றக் கடும் வெப்பமோ வலிமையான அமிலமோ தேவைப்படும். மழையும் பாறையும் சேர்ந்து இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இயற்கையில் நடத்திவரும் இந்தச் சிதைவு வினைதான் பூமியின் வெப்பநிலையை நெடுங்காலமாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மனிதர் செய்ய முயல்வதெல்லாம் அதன் வேகத்தைக் கூட்டுவதே.

இவ்வினைக்கு எல்லாப் பாறையும் உதவாது. எலெக்ட்ரானிக் சிட்டியின் அடியிலும், லால்பாக் தோட்டத்துக் குன்றில் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் பேணப்படுவதிலும் உள்ளது சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய தீபகற்ப நைஸ் பாறை. சிலிக்கா மிகுந்து, மக்னீசியமும் கால்சியமும் குறைந்து, துளைகள் அருகி, இறுகிக் கிடக்கும் அப்பாறையில் வாயுவைச் செலுத்த இடமும் இல்லை, செலுத்தினாலும் வினைபுரிய விரைந்து கரையும் கனிமமும் இல்லை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையும், பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கிலிருந்து மேலெழுந்த, ஒலிவின் என்னும் பச்சைநிறக் கனிமம் நிறைந்த டூனைட், பெரிடோடைட் பாறைகளுமே இதற்கு உகந்தவை.

சேலத்தில் இயற்கை எழுதிய பாடம்

எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து செல்லும் ஓசூர் சாலையே கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலத்தை அடையும் தேசிய நெடுஞ்சாலை 44. அச்சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், ஏற்காடு மலையடிவாரத்தில், ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயரிட்ட நிலப்பகுதி உள்ளது. பெயர் அவ்வாறு அமைந்தாலும் அங்கே வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்பு அன்று. உள்ளூர் மக்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மாக்னசைட். அருகிலுள்ள வெள்ளக்கல்பட்டி என்னும் ஊர் அக்கல்லின் பெயரையே தாங்கி நிற்கிறது. கரியமில வாயு கலந்த நீர் டூனைட் பாறையின் விரிசல்களில் ஊடுருவி, அதன் மக்னீசியத்தோடு வினைபுரிந்து, கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக வெள்ளைக்கல்லைப் படியவைத்திருக்கிறது. உலகின் ஆய்வகங்கள் இன்று முயன்று செய்வதை மனிதத் தலையீடு ஏதுமின்றி இயற்கை செய்து முடித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை. மைசூருக்கு அருகிலுள்ள தொட்டகன்யா பகுதியிலும் இதே வகைப் பாறையும் மாக்னசைட்டும் உண்டு.

தூய மாக்னசைட்டின் எடையில் சற்றேறக்குறைய 52 விழுக்காடு கரியமில வாயுவே. ஒரு டன் வெள்ளைக்கல் அரை டன்னுக்கும் மேற்பட்ட வாயுவைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது என்பது இதன் பொருள். தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் உள்ளிட்டவை பல பத்தாண்டுகளாக இதைத் தோண்டியெடுத்து, சூளையில் சுட்டு, எஃகு உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கற்களுக்கு மூலப்பொருளாக்கி வந்துள்ளன. சுடும்போது பூட்டப்பட்டிருந்த வாயு மீண்டும் காற்றுக்குச் செல்கிறது. அத்தொழில் நாட்டின் எஃகு உற்பத்திக்குத் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளைக்கல்லைப் பிரித்தெடுத்தபின் பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட டூனைட் கழிவு மேடுகளும் மக்னீசியம் நிறைந்தவை என்பதையும், அவை வாயுவை உள்வாங்கக்கூடிய மூலப்பொருள் என்பதையும் தொழில்துறை இதுவரை கணக்கில் கொள்ளவில்லை.

உலகம் கண்ட சோதனைகள்

இவ்வினையை மனிதர் திட்டமிட்டு நிகழ்த்திக் காட்டியது ஐஸ்லாந்தில். ரெய்க்யாவிக் நகர மின் நிறுவனமும் ஐஸ்லாந்து, கொலம்பியா பல்கலைக்கழகங்களும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் 2007-இல் தொடங்கிய கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தின் கீழ், ஹெட்லிஷெய்டி புவிவெப்ப மின்நிலையத்தருகே 2012-இல் சுமார் 230 டன் கரியமில வாயு நீரில் கரைக்கப்பட்டு, 400 முதல் 800 மீட்டர் ஆழமுள்ள பசால்ட் அடுக்குகளில் செலுத்தப்பட்டது. சோடா பாட்டிலில் அழுத்தத்தால் கரைந்துகிடக்கும் வாயுவைப் போல நிலத்தடி நீரின் அழுத்தமே வாயுவைக் கரைநிலையில் வைத்திருந்ததால், அது குமிழியாக மேலெழும் அச்சம் இல்லாதிருந்தது. கல்லாவதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம் என்று பலரும் எண்ணியிருக்க, 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாயு இரண்டே ஆண்டுகளுக்குள் கார்பனேட் கனிமமாகிவிட்டதென ஜூர்க் மேட்டர் தலைமையிலான குழு 2016-இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வலூலாவில் 2013-இல் ஏறத்தாழ ஆயிரம் டன் வாயு, நீரில் கரைக்கப்படாமல் உயரழுத்த நிலையிலேயே கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டில் செலுத்தப்பட்டது. ஈராண்டுக்குப் பின் எடுக்கப்பட்ட பாறைத் துண்டுகளிலும் புதிய கார்பனேட் முடிச்சுகள் காணப்பட்டன. ஓமன், ஐக்கிய அரபு அமீரக மலைகளின் பெரிடோடைட் பாறையிலும் இத்தகைய சோதனைகள் நடந்து வருகின்றன.

நுட்பம் வேலை செய்கிறது என்பது இவற்றால் உறுதிப்பட்டுவிட்டது. அளவில்தான் இன்னும் சிறிதாக இருக்கிறது. காற்றிலிருந்து நேரடியாக வாயுவைப் பிரித்தெடுத்து இதே ஐஸ்லாந்துப் பாறைக்கு அனுப்பும் ஓர்கா ஆலை 2021-இல் ஆண்டுக்கு 4,000 டன் திறனுடனும், அதன் அடுத்த கட்டமான மம்மத் ஆலை 2024-இல் ஆண்டுக்கு 36,000 டன் திறனுடனும் தொடங்கப்பட்டன. இந்தியா எரிபொருள்களின் வழியே ஓராண்டில் வெளியிடுவதோ சுமார் 300 கோடி டன்.

தக்காணத்தின் கொள்ளளவு

அந்த 300 கோடி டன்னுக்கு எதிரே வைத்துப் பார்க்கத்தக்க கொள்ளளவு இந்தியாவிடம் உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அலை அலையாகப் பரவி உறைந்து உண்டான தக்காணப் பசால்ட், மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், தெலங்கானா ஆகியவற்றின் பகுதிகளிலும், கர்நாடகத்தின் பெலகாவி, விஜயபுரா, கலபுரகி, பீதர் மாவட்டங்களிலுமாக ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. ஒவ்வொரு குழம்படுக்கின் மேற்பகுதியும் வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற துளைகள் நிறைந்ததாகவும், நடுப்பகுதி இறுகியதாகவும் இருப்பதால், துளையுள்ள அடுக்கு வாயுவை ஏற்கவும் இறுகிய அடுக்கு மூடியாக நிற்கவும் வாய்ப்புண்டு. நிதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கை, இந்தியப் பசால்ட் பாறைகளின் கோட்பாட்டளவிலான கொள்ளளவை 9,700 கோடி முதல் 31,600 கோடி டன் வரை என்று மதிப்பிடுகிறது. குறைந்த மதிப்பை எடுத்துக்கொண்டாலும் அது நாட்டின் முப்பது ஆண்டு வெளியீட்டுக்கு இணையானது.

கோட்பாட்டளவு என்னும் சொல்லை இங்கே மறந்துவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக உள்ள இப்பாறை, வடகர்நாடக விளிம்பில் மிகவும் மெலிந்துவிடுகிறது. அங்கே அதன் விரிசல்களில் தேங்கும் நீரே கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஆதாரம். வரைபடத்தில் பசால்ட் என்று காட்டப்பட்ட இடமெல்லாம் வாயுவைப் புதைக்கத்தக்க இடமாகிவிடாது. ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், தேசிய அனல் மின் கழகத்தோடும் அமெரிக்க ஆய்வகம் ஒன்றோடும் சேர்ந்து தக்காணப் பசால்ட்டை இந்நோக்கில் ஆராயத் தொடங்கிச் சுமார் இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் வணிக அளவிலான உட்செலுத்தல் இன்னும் அங்கே நடைபெறவில்லை.

பெங்களூரின் ஆய்வகங்கள்

பாறை உதவாவிட்டாலும் அறிவு பெங்களூரில் குறைவின்றி உள்ளது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் கார்பனைப் பிடித்துப் பயன்படுத்தும் ஆய்வுக்கென அறிவித்த இரு தேசிய உயர் சிறப்பு மையங்களுள் ஒன்று மும்பை ஐஐடியில் அமைய, மற்றொன்று பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமைந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் நீடித்த தொழில்நுட்ப மையத்தில் சௌரதீப் குப்தாவின் குழு, கட்டுமானத்துக்காகத் தோண்டியெடுக்கப்படும் மண்ணைக் கரியமில வாயுவோடு வினைபுரியச் செய்து, ஆற்று மணலுக்கு மாற்றாகச் சிமென்ட் கலவையில் பயன்படுத்தலாம் என்றும், அதனால் கலவையின் வலிமை 20 முதல் 22 விழுக்காடு வரை கூடுகிறது என்றும் கண்டறிந்துள்ளது. ஓயாது கட்டடம் எழும் எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற பகுதியில் நாள்தோறும் லாரிகளில் அகற்றப்படும் மண்ணே வாயுவின் இருப்பிடமாகலாம் என்பதால் இது மிகப் பொருத்தமான ஆய்வு.

இங்கே பயன்படுத்தலையும் நிலையாகப் பூட்டலையும் பிரித்தறிய வேண்டியுள்ளது. தூத்துக்குடியில் 2016-இல் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அது பாராட்டத்தக்க பொறியியல் சாதனை. எனினும் சோடா உப்பு கண்ணாடி உலைக்குச் செல்லும்போது அதிலுள்ள வாயு மீண்டும் வெளியேறிவிடுகிறது. வாயுவிலிருந்து தயாரிக்கும் மெத்தனாலும் எரிந்தவுடன் வாயுவாகிவிடும். புதிய எரிபொருளின் தேவையை இவை குறைக்கலாம்; ஆனால் நூற்றாண்டுகளுக்கு நிலைக்கும் நீக்கமாக இவற்றைக் கணக்கெழுதுவது முறையன்று.

நீரும் ஆற்றலும் நிலநடுக்கமும்

பாறையாக்கத்துக்குத் தடைகளும் உண்டு; அவற்றை மறைத்துப் பேசுவது இந்நுட்பத்துக்கே தீங்கு செய்யும். முதல் தடை நீர். ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் நீர் வேண்டும். 1,000 மெகாவாட் அனல் மின்நிலையம் ஒன்று எழுபது விழுக்காடு திறனில் இயங்கினால் ஆண்டுக்குச் சுமார் 60 இலட்சம் டன் வாயுவை வெளியிடும். அதை முழுவதும் கரைக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 41 கோடி லிட்டர் நீர் தேவை. பெங்களூருக்கு 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் நாளொன்றுக்கு வழங்குவது 77.5 கோடி லிட்டர் என்பதோடு ஒப்பிட்டால், ஒரே மின்நிலையம் அதில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும் என்பது புரியும். லாத்தூருக்கு 2016-இல் ரயிலில் குடிநீர் கொண்டுசெல்ல வேண்டியிருந்த தக்காணத்தில் நன்னீரை இதற்கு ஒதுக்குவது எண்ணிப்பார்க்கவே தகாதது. பாறையடுக்கிலிருந்தே உவர்நீரை மேலேற்றி, வாயுவைக் கரைத்து, திரும்ப அவ்வடுக்கிலேயே செலுத்தும் சுழற்சி முறையோ, வலூலாவைப் போல நீரின்றிச் செலுத்தும் முறையோதான் இந்தியாவுக்குப் பொருந்தும். பின்னதற்குச் சுமார் 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் கசிவற்ற மூடியடுக்கும் கட்டாயம்.

இரண்டாவது தடை ஆற்றல். புகையிலிருந்து வாயுவைப் பிரித்து அழுத்துவதற்கு மின்நிலையத்தின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை செலவாகக்கூடும். பாறையைத் தோண்டிப் பொடித்து வினைபுரியச் செய்வதானால், ஒரு டன் வாயுவுக்குத் தூய ஒலிவினே 1.6 டன் தேவை. மேலே சொன்ன ஒரு மின்நிலையத்துக்கே ஆண்டுக்கு ஒரு கோடி டன் பாறை வேண்டியிருக்கும். சேலத்தின் கழிவு மேடுகள் சோதனைக்கும் சிறு ஆலைகளுக்கும் போதுமேயொழிய, அனல் மின்துறைக்கே விடையாகா. பொடிக்கும் தூசு தொழிலாளரின் நுரையீரலைத் தாக்காதிருக்கவும், டூனைட்டில் உள்ள நிக்கலும் குரோமியமும் மண்ணிலும் கிணற்றிலும் கலக்காதிருக்கவும் காப்பு ஏற்பாடுகள் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மூன்றாவது, பூமியின் அழுத்தம். மகாராஷ்டிரத்தின் கொய்னா பகுதியில் நீர்த்தேக்கம் நிரம்பியபின் 1967 டிசம்பரில் 6.3 ரிக்டர் அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் ஏறத்தாழ 200 உயிர்களைக் கொண்டது. நீரின் எடையும் ஊடுருவலும் நிலப்பிளவுகளைத் தூண்டக்கூடும் என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு அது. அதே கொய்னாவில் பின்னர் பசால்ட்டைத் துளைத்து மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிய அறிவியல் துளைக்கிணறு, தக்காணத்தின் உட்கட்டமைப்பைப் பற்றி அரிய தரவுகளைத் தந்துள்ளது. உட்செலுத்தலுக்கு இடம் தேர்வோர் அத்தரவுகளை முதலில் கற்க வேண்டும். பிளவுகள் நெருங்கிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். ஊரார் ஒப்புதலும் அவ்வளவே இன்றியமையாதது. இந்நுட்பம் பிறந்த ஐஸ்லாந்திலேயே, வெளிநாட்டு வாயுவைக் கப்பலில் கொணர்ந்து ஹப்னார்பியோர்துர் நகரருகே புதைக்கும் திட்டம் உள்ளூர் மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது.

செய்ய வேண்டியவை

இத்தடைகளால் எழும் முடிவு, இந்நுட்பத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று. அதை உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே. வெளியீட்டைக் குறைப்பது முதற்கடமை. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துசேர்ந்திருப்பது, ஓசூர் சாலையில் நாள்தோறும் எரியும் பெட்ரோலைக் குறைக்கும் வாய்ப்பைத் தருகிறது. எரியாத ஒரு லிட்டருக்குப் பாறையும் வேண்டியதில்லை, நீரும் வேண்டியதில்லை. சிமென்ட், எஃகு போன்ற தொழில்களில் வினையின் இயல்பாலேயே எழும், வேறெவ்வகையிலும் தவிர்க்க இயலாத வாயுவுக்கும், ஏற்கெனவே காற்றில் சேர்ந்துவிட்ட பழைய கடனுக்கும் மட்டுமே பாறை ஒதுக்கப்பட வேண்டும். நிலக்கரியைத் தொடர்ந்து எரிப்பதற்கான உரிமச் சீட்டாக அது ஆகிவிடக் கூடாது.

அடுத்து, மத்திய அரசு 2023-இல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டத்தில், தவிர்க்கப்பட்ட டன்னும் நீக்கப்பட்ட டன்னும் வெவ்வேறு வகைகளாகப் பதியப்பட வேண்டும். நீக்கப்பட்டதிலும் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைக் குறிப்பிட்டால்தான் மரத்தில் தங்கிய கார்பனும் கல்லில் பூட்டிய கார்பனும் ஒரே விலைக்கு விற்கப்படும் குழப்பம் நீங்கும். ஸ்ட்ரைப், ஆல்ஃபபெட், ஷாப்பிஃபை உள்ளிட்ட தொழில்நுட்ப நிறுவனங்கள் 2022-இல் ஃபிரான்டியர் என்னும் அமைப்பின் வழியே, நீடித்து நிற்கும் கார்பன் நீக்கத்தை முன்கூட்டியே வாங்க 92.5 கோடி டாலர் உறுதியளித்தன. நெல்வயல்களில் பசால்ட் தூளைத் தூவி இயற்கைச் சிதைவை விரைவுபடுத்தும் மாட்டி கார்பன் நிறுவனம், இந்தியச் சிறு விவசாயிகளோடு செய்த பணிக்காக 2025-இல் எக்ஸ்பிரைஸ் போட்டியின் 5 கோடி டாலர் முதற்பரிசைப் பெற்றது. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியப் பாறைக்கும் இந்திய வயலுக்கும் விலை வைக்கும் காலத்தில், எலெக்ட்ரானிக் சிட்டியின் நிறுவனங்கள் மலிவான வரவுச் சீட்டுகளோடு நின்றுவிடுவது அவற்றின் தகுதிக்கு அழகன்று.

சேலத்தில் ஒரு பொது ஆய்வுத் தளம் இதற்குத் தக்க தொடக்கமாக அமையும். டூனைட் கழிவு மேடுகள் அங்கே உள்ளன. அதே மாவட்டத்தில் 1,440 மெகாவாட் மேட்டூர் அனல் மின்நிலையமும் எஃகு ஆலைகளும் உள்ளன. நெடுஞ்சாலையின் மறுமுனையில் ஆய்வகங்களும், நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கவும் உணரிகளின் தரவைத் தொடர்ந்து சரிபார்க்கவும் வல்ல பொறியாளர்களும் உள்ளனர். பெங்களூர் அறிவியலும் கொங்குப் பகுதிப் பாறையும் கைகோப்பது புதிதும் அன்று: நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணுக்கு நிகரான மண்ணை உருவாக்கி, சந்திரயான் தரையிறங்கியைப் பெங்களூரில் சோதித்தது. நிலவுக்குச் செல்ல உதவிய அக்கூட்டு, வாழும் நிலத்தைக் காக்கவும் உதவட்டும். தமிழ்நாடு, கர்நாடக அரசுகள் இடமும் அனுமதியும் தர, நிறுவனங்கள் நிதி தர, அளவீடு மட்டும் நிதி தருபவரின் கையில் இல்லாமல் சுதந்திரமான அறிவியல் குழுவிடம் இருக்க வேண்டும். முடிவுகள் தமிழிலும் கன்னடத்திலும் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

இந்தியா 2070-இல் நிகரச் சுழிய வெளியீட்டை எட்டுவதாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் உறுதியளித்துள்ளது. அவ்வுறுதியைக் காக்கும் பொறுப்பில் எலெக்ட்ரானிக் சிட்டியின் ஒவ்வொரு நிறுவனமும் உடனே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு: தன் ஆண்டறிக்கையில், தவிர்த்த டன், மரத்திலும் மண்ணிலும் சேர்த்த டன் ஆகியவற்றுக்கு அடுத்து, கல்லாக்கிய டன் எவ்வளவு என்று தனியே ஒரு வரி சேர்க்க வேண்டும். இன்று அந்த வரியில் சுழியம்தான் இருக்குமென்றால், சுழியம் என்றே நேர்மையாக எழுதட்டும். அடுத்த ஆண்டுகளில் அது கூடுகிறதா என்பதைப் பங்குதாரர்களும் ஊழியர்களும் பொதுமக்களும் கேட்கட்டும்.